மார்மனுக்கு ஓட்டுப் போடலாமா?

அமெரிக்காவில் 1830-ல் ஜோசப் ஸ்மித் என்பவர் உண்டாக்கிய மார்மன் மதம் என்று ஒன்று இருக்கிறது. தேவதூதன் காட்டிய தங்கத் தகடுகளிலிருந்து அதற்கு வேதம் கிடைத்ததாம். இதை நாம் நம்புகிறோமா என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

ஆனால் அந்த மதத்தின் பெரிய குருமார்களில் ஒருவரான ரீட் ஸ்மூட்டை 1903-ல் யூட்டா சட்டசபை செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தபோது நடந்த கூத்தைக் கேளுங்கள். அவருக்கு மனைவி ஒருத்திதான். பலதார மணத்தை அவரது சபை 1890-லேயே கைவிட்டதாக அறிவித்திருந்தது. (சிலர் இரகசியமாய் நடத்தி வந்ததும் வாஸ்தவமே.) அப்படியிருந்தும் பாதிரிகளும் மாதர் சங்கத்தாரும் மனுமேல் மனுப் போட்டு, 1907 வரை அவரை அலைக்கழித்தார்கள். கடைசியில் பதவி நிலைத்து, 1933 வரை செனட்டில் இருந்தார்.

2012-ல் மிட் ராம்னி ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றபோதும் பாதிரிகள் சிலர் இதே பல்லவியைப் பாடினார்கள். தகட்டை நம்புகிறவனுக்குப் புத்தியுண்டா என்று கேட்பவர்கள் யார்? கன்னி பிள்ளை பெற்றதையும், செத்தவர் மூன்றாம் நாள் எழுந்ததையும் நம்புகிறவர்கள்! பழைய புளுகு பக்தி, புதிய புளுகு பைத்தியம் போலும்!

மார்மன் அபேட்சகரைக் கேட்கவேண்டிய கேள்வி வேறு. 1978 வரை கறுப்பு மக்களுக்குக் குருப்பட்டம் மறுத்ததே உமது சபை, அப்போது நீர் என்ன செய்தீர் என்று கேட்கட்டும். அதை எத்தனை பாதிரிகள் கேட்டார்கள்?

நம் போன்றவர் கதியோ இன்னும் மோசம். கடவுளை ஒப்புக்கொள்ளாதவனுக்கு உத்தியோகமில்லை என்ற விதி செல்லாதென்று 1961-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியும், டெக்ஸாஸ் முதலிய சில மாகாணங்களின் அரசியல் சட்டத்தில் அந்த எழுத்து இன்றும் அழியாமலிருக்கிறது.