ஒரே சாலையில் இரண்டு ஆற்றுப்படைகள்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



"பயணமும் கவிதையும்" என்னும் பொருளில் பேசப் பணித்தீர்கள். நூல்களிலிருந்து தொடங்காமல் நம் ஊர்ச் சாலையிலிருந்தே தொடங்குகிறேன். சனிக்கிழமை விடியலில் அத்திப்பள்ளியைக் கடந்து, ஓசூர் வழியாகக் கார்கள் விரைவதை நாம் அறிவோம். அவற்றுள் பல கிருஷ்ணகிரியில் திரும்பி, புதுச்சேரிக் கடற்கரைக்குச் செல்பவை. சிப்காட்டில் இரவு முறை முடித்து வெளிவரும் தொழிலாளி, தேநீர்க் கடையில் நின்று அவற்றைப் பார்க்கிறான். அந்தச் சாலையில் நாமும் ஒருமுறை போய் வரலாமே என்று நம் வட்டத்து நண்பர்கள் நால்வர் புறப்பட்டோம். வாடகைக் கார், ஓட்டுநர் ஊத்தங்கரைப் பக்கத்தவர்.

ஓசூரிலிருந்து புதுச்சேரி சுமார் 270 கிலோமீட்டர். ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என ஊர்கள் வரிசையாக வருகின்றன. செங்கத்தை நெருங்கியபோது, இது மலைபடுகடாம் பாடிய மண் என்று நண்பர் ஒருவர் நினைவூட்டினார். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்திய நூல் அது. பெருங்கௌசிகனார் வழியின் அழகை மட்டும் பாடவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கிருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எப்படி விலகுவது என்றெல்லாம் சொல்லி அனுப்புகிறார். திண்டிவனத்தை அடைந்ததும் கிடங்கில் நினைவுக்கு வந்தது. சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர் அது. பத்துப்பாட்டின் ஆற்றுப்படைகளுள் இரண்டு இந்த ஒரு சாலையிலேயே கிடக்கின்றன. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு அது தெரிவதில்லை என்று நாங்கள் பெருமிதத்தோடு பேசிக்கொண்டோம். அந்தப் பெருமிதம் மாலைவரைதான் நீடித்தது.

புதுச்சேரி கண்ணைப் பறிக்கும் ஊர்தான். பழைய பெருங்கால்வாய்க்குக் கிழக்கே மஞ்சள் சுவர்களும், காகிதப்பூக் கொடி படர்ந்த வாயில்களும், விலையுயர்ந்த உணவகங்களும் உள்ளன. மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட தமிழ்த் தெருக்கள். ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீட்டின் முன் நின்றோம். 1908இல் எல்லை கடந்து வந்து, 1918வரை அவர் இவ்வூரில் இருந்தார். குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் பாஞ்சாலி சபதமும் இங்கே பிறந்தவை. இன்று உல்லாசத்திற்காக நாடப்படும் ஊர், அன்று ஒரு கவிஞனுக்கு அடைக்கலம் தந்த எல்லை ஊர். எல்லை ஊரில் வாழும் நமக்கு அது அன்னியமான செய்தியன்று.

மாலையில் கடற்கரைச் சாலையில் ஊர்திகளை விடுவதில்லை. காரை ஒரு தெருவில் நிறுத்திவிட்டு நடந்தோம். கருங்கற்களில் அலை மோதுவதைப் பார்த்தோம். உணவகம் ஒன்றில் அமர்ந்து உண்டோம். அங்கே நான், நல்லியக்கோடன் பாணனுக்குப் பொற்கலத்தில் உணவு படைத்து, தானே அருகில் நின்று உண்பித்த காட்சியை வெகுநேரம் வியந்து விளக்கினேன்.

இரவு ஒன்பதரைக்குத் திரும்பினோம். ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தார். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "வண்டிய விட்டுட்டு எங்க சார் போறது? நீங்க எப்ப வருவீங்கன்னு தெரியல. கடல் சத்தம் இங்கயே கேக்குது சார்" என்றார்.

அன்பர்களே, அவர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எங்களைக் கடலிடம் ஆற்றுப்படுத்தியவர் அவர். நாங்கள் அவரைப் பசியோடு தெருவில் விட்டுவிட்டு விருந்தோம்பலைப் பற்றி உரை நிகழ்த்திக்கொண்டிருந்தோம். அவரை அழைத்துக்கொண்டு மீண்டும் கடற்கரைக்குப் போனோம். பிறகு திறந்திருந்த கடையொன்றில் இட்லி கிடைத்தது. அவர் உண்ணும்வரை நால்வரும் உடனிருந்தோம். செய்த பிழைக்கு அது ஈடாகாது.

அன்று பகலில் மஞ்சள் சுவர்களைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தேன். ஊர் திரும்பியபின் படித்தேன். அதில் மனிதர் ஒருவரும் இல்லை. அதை இந்த மலருக்குத் தரவில்லை.

ஆற்றுப்படை என்பது பெற்றவன் பெறாதவனுக்கு வழிசொல்லும் இலக்கியம். வழியில் இன்னொருவனைக் கண்டதும் நின்று பேசுகிறவன்தான் அதன் கவிஞன். நம் வட்டமும் அவ்வாறே தொடங்கியது. எந்தெந்த மாவட்டங்களிலிருந்தோ வேலைதேடி ஓசூருக்கு வந்தோம், முன்னே வந்தவர் ஒருவர், இன்ன கிழமை கூடுகிறோம், வாருங்கள் என்று சொன்னார், வந்தோம். இன்றும் ஆலை வாயில்களில் புதிய இளைஞர்கள் வந்து இறங்குகிறார்கள். அவர்களுள் எத்தனை பேருக்கு நாம் வழிசொன்னோம்? அடுத்த பத்தாண்டுக் கணக்கை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவோம் என்று வேண்டி அமைகிறேன்.