பாட்டி மோனிக்கா

புனித மோனிக்காவைத் தாயாக அறிவோம், அவர் பாட்டியும்கூட. 387-ஆம் ஆண்டு பாஸ்கா திருவிழிப்பில், மிலான் நகரில், மகன் அகுஸ்தினாரும் பேரன் அதேயோதாத்துசும் ஒன்றாகத் திருமுழுக்குப் பெற்றதைக் கண்டு மகிழ்ந்தவர். அதே ஆண்டில், ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் வழியில், ஒஸ்தியா துறைமுக நகரில் காய்ச்சலில் விழுந்து ஒன்பதாம் நாள் இறந்தார். வயது 56.

பேரன் வாய்விட்டு அழுதான், பெரியவர்கள் அடக்கினார்கள். அகுஸ்தினாரும் அழுகையை விழுங்கிக்கொண்டார். எனக்கென்னவோ, அந்தப் பையன் அழுததுதான் சரியென்று படுகிறது.

சொந்த ஊரில், கணவர் அருகில், தமக்கென்று கல்லறை ஏற்பாடு செய்து வைத்திருந்தவர் மோனிக்கா. கடைசியில், உடலை எங்கு வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள், ஆண்டவரின் பீடத்தில் மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

நம் வீட்டுப் பாட்டியின் கல்லறைக்கு நவம்பர் 2 அன்று வெள்ளையடித்து மாலை போடுகிறோம். நல்லது. அவருக்காக ஒப்புக்கொடுக்கும் திருப்பலிக்கு எத்தனை பேரப்பிள்ளைகள் வருகிறார்கள்?