கப்பலில் வந்தவர் சொன்ன யோபு கதை



கப்பல் வேலையிலிருந்து மறைப்பணிக்கு வந்தவர்கள் உலகில் பலர். நம் தென்கோடியிலும் ஒருவர் உண்டு, எவுஸ்தாக்கியுஸ் டிலனாய். டச்சுக் கம்பெனிப் படையோடு கடல் வழியாக வந்து, 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டவர். மன்னர் மார்த்தாண்டவர்மா அவரையே தம் படைக்குப் பயிற்சி தர வைத்தார். உதயகிரிக் கோட்டை வேலையும் அவர் பொறுப்பு. நம் பேச்சில் சொன்னால், கப்பல்காரர் இன்ஜினியர் ஆகிவிட்டார்.

அங்கே அரண்மனை அலுவலர் நட்டாலம் நீலகண்ட பிள்ளை. மாடுகள் செத்து, பயிர் அழிந்து, முகம் வாடியிருந்தார். டிலனாய் கவனித்தார், கேட்டார், யோபுவின் கதையைச் சொன்னார். அவர் குருப்பட்டம் பெற்றவர் அல்லர். திருமுழுக்குக்கு வடக்கன்குளத்துக் குருவிடம் அனுப்பிவைத்தார். 1745-இல் நீலகண்டன் தேவசகாயம் ஆனார்.

நாமோ, 'ஃபாதர் வந்து பேசட்டும்' என்கிறோம். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலிலும் தென்காசிக் கடையிலும் அந்த வாடிய முகத்தின் பக்கத்தில் நாள் முழுக்க இருப்பது நீங்கள்தானே, நானா?

கேட்பது சுலபம் என்று சொல்லமாட்டேன். டிலனாய் ஊழியம் செய்த அதே அரசுதான் தேவசகாயத்தைச் சிறையிலிட்டு, 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றது. அதன் பிறகும் 25 ஆண்டுகள் அவர் அதே அரசின் வேலையில்தான் இருந்தார்.

2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதரானார். டிலனாய்க்குப் பீடம் இல்லை, உதயகிரிக் கோட்டைக்குள் ஒரு கல்லறைதான். கோட்டாற்றில் புனிதரின் கல்லறையில் செபிக்கப் போகிறவர்கள், தக்கலைப் பக்கம் போய் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.