பழைய புயலைக் கொண்டு புதிய புயலை அறிவோம்

(குருசுக்குப்பத்தில் ஆற்றிய உரை)



ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானதும், குருசுக்குப்பத்து மீனவரும் சுற்றுக் கிராமத்து உழவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இது எந்தப் புயல் மாதிரி?" நல்ல கேள்வி. நடந்து முடிந்த புயல்களோடு ஒப்பிட்டுக் கணிப்பது வானிலையாளர்களும் கையாண்ட முறையே. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1891 முதலான புயல் பாதைகளைத் தொகுத்து வைத்துள்ளது.

ஆனால், எதை ஒப்பிடுவது? கரை கடக்கும் இடத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்த மூன்று புயல்களைப் பாருங்கள்.

'தானே' 2011 டிசம்பர் 30 காலையில், மணிக்கு 140 கி.மீ. வரையிலான காற்றோடு வந்தது. கடலூர் மாவட்டத்தில் முந்திரி, பலாத் தோப்புகள் சாய்ந்தன. 'நிவர்' 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி, 120 கி.மீ. வரை காற்றுடன் கடந்தது. 'ஃபெஞ்சல்' 2024 நவம்பர் 30 இரவு வந்தபோது காற்று 70 முதல் 90 கி.மீ.தான். ஆனால், கரையேறிய பின் பல மணி நேரம் ஏறக்குறைய நகராமல் நின்றுவிட்டது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 48 செ.மீ. என்றால் 19 லட்சம் லிட்டர்! 'தானே'யை மனதில் வைத்து வாழைக்கு முட்டு மட்டும் கொடுத்தவருக்கு, இந்தத் தண்ணீரை வடிக்க வழி ஏது?

ஆகவே, எச்சரிக்கை வந்ததும் மூன்றை ஒப்பிடுங்கள்.

1. காற்றின் வேகம்: பலத்த காற்று என்றால் வாழைக்கு முட்டு, கரும்புக்கு விட்டம் கட்டுங்கள். தென்னையில் முற்றிய காய்களைப் பறித்துவிடுங்கள்.

2. நகரும் வேகம்: மெதுவாக நகர்கிறது என்றால் மழையே பெரும் எதிரி. வடிகாலைச் செதுக்கி, வரப்பில் மடை திறந்துவிடுங்கள். மேலுரமும் மருந்துத் தெளிப்பும் காத்திருக்கட்டும்.

3. நிலத்தின் நிலை: ஏரியும் வயலும் முன்பே நிரம்பியிருந்தால், சென்ற முறை தாங்கிய மழையை இம்முறை நிலம் தாங்காது.

ஒரு புயல் போல் மற்றொன்று அப்படியே வருவதில்லை. ஆகவே ஒப்பீடு நம் ஆயத்தத்துக்கு மட்டுமே. இறுதி முடிவுக்கு வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பையே பின்பற்ற வேண்டும். ஒவ்வொரு புயலின் தேதி, காற்று, மழை, உங்கள் வயலில் தண்ணீர் வடிந்த நாட்கள் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். உங்கள் நிலத்தைப் பற்றி அந்த நோட்டுக்குத் தெரிந்தது வேறு எந்த வரைபடத்துக்கும் தெரியாது.