கேள்வி கேட்கும் பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள்

அடி அண்ணாமலையின் தாய்மார்களே, பெரியோர்களே, வேலை முடிந்த கையோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே!

"டவுனுக்கு முதல்ல வெயில் வருது, நமக்கு மட்டும் ஏம்மா லேட்டா வருது?" என்று நம் ஊர்ப் பிள்ளை கேட்கிறது. என்ன பதில் சொல்கிறோம்? "பேசாம கிளம்பு, வேன் வந்துடும்!"

அந்த ஒரு கேள்விக்குள் எவ்வளவு படிப்பு இருக்கிறது! திருவண்ணாமலை டவுன் மலைக்குக் கிழக்கே, நாம் மேற்கே. 2,668 அடி உயர மலையைத் தாண்டித்தான் சூரியன் நம்மிடம் வர வேண்டும். சாயங்காலம் கணக்கு மாறுகிறது: மலையின் நிழல் டவுன் மேல் விழுந்த பிறகும் நம் வாசலில் வெயில் அடிக்கிறது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம். மேற்கே வருண லிங்கம், வடமேற்கே வாயு லிங்கம், இரண்டுக்கும் நடுவே நம் ஆதி அருணாசலேசுவரர் கோயில். உலகமே வந்து நடக்கிற பாதை. அதில் கையைப் பிடித்து நடக்கும் பிள்ளைக்குத் திசை புரிந்துவிடும். அந்தப் பிள்ளையைத்தான் உட்கார வைத்து "கிழக்கு, மேற்கு" என்று பத்து முறை எழுதச் சொல்கிறோம்.

இந்த மலையைச் சுற்றி வெளியூரிலிருந்து வந்து குடியேறிய சில குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வளர்க்கின்றன. அவர்களைக் குற்றவாளிகளைப் போலப் பார்க்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் இல்லை. இங்கிலாந்தில் வீட்டிலேயே கற்பிக்கச் சட்டமே இடம் தருகிறது. ஜெர்மனியில் கூடவே கூடாது.

உங்களில் ஒருவர் எழுந்து கேட்பார்: "வீட்டிலேயே படிப்பா? 1953-இல் ராஜாஜி கொண்டுவந்தது அதுதானே?" நியாயமான கோபம். அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்றது அந்தத் திட்டம். பெரியார் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார், நாடே கொதித்தது, 1954-இல் காமராசர் ஆட்சி அதைத் தூக்கியெறிந்தது. தூக்கியெறிந்தது சரி! பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கும் எந்த வீட்டையும் நான் ஆதரிக்க மாட்டேன். பெண் பிள்ளையை அடுப்படியில் நிறுத்திவிட்டு அதற்கு வீட்டுக் கல்வி என்று பெயர் வைத்தால் அது அநியாயம்.

நான் கேட்பது வேறு. படித்த, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிற சுதந்திரம், நூறு நாள் வேலைக்குப் போகிற தாயின் பிள்ளைக்கு ஏன் கிடைக்கக் கூடாது? கேள்வி கேட்கிற சுதந்திரம், மலையேறிப் பார்க்கிற சுதந்திரம், பிடித்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாடத்தை மறந்துபோகிற சுதந்திரம்! பக்கத்தில் கணந்தம்பூண்டியில் மருதம் பண்ணைப் பள்ளி இருக்கிறது. கிராமத்துப் பிள்ளையும் குடியேறியவர் பிள்ளையும் அங்கே ஒன்றாகப் படிக்கிறார்கள். மலையும் மரமும் அவர்களுக்குப் பாடம். பள்ளிக்கூடமே அப்படி இருக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்றொருவர் இருந்தார். வக்கீல். மகன் பிறந்த பிறகு குழந்தைகளின் படிப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கி, வக்கீல் தொழிலை விட்டார். 1920-இல் பாவ்நகரில் குழந்தைகளுக்கென்று பள்ளி தொடங்கினார். அடியை விட்டுக் கதையைக் கையில் எடுத்தவர் அவர். கதை சொல்ல நமக்குப் பட்டம் வேண்டுமா? நம் பாட்டிமார்களிடம் இல்லாத கதையா?

மூன்று வயதுப் பிள்ளைக்கு டியூஷன் வைக்கிறோம். மார்க் குறைந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டிக் குத்துகிறோம். அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் பள்ளியில் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டில் மட்டும் கூடுமா?

தாய்மார்களே, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். மார்க் பட்டியலைக் கேட்காதீர்கள். நூலகத்துப் புத்தகம் பிள்ளையோடு வீட்டுக்கு வருகிறதா, கடைசியாக எப்போது வகுப்பு மலையடிவாரம் போனது என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்!