கம்பு கொடுத்தவர்
(தோட்டச் சிறுவர் விளையாட்டுப் போட்டியின் பரிசளிப்பில் எமது நிறுவனத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஜெயிச்ச பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தாச்சு. தோத்த பிள்ளைகளுக்கும், அவங்களைப் பெத்தவங்களுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லத்தான் நாங்க எழுந்து நிக்கிறோம். அதற்காகக் கனடா நாட்டுப் பெண் ஒருவரின் கதையைச் சொல்லப் போகிறோம்.

அவர் பெயர் பெக்கி ஸ்கொட். 1974இல் பிறந்தவர். அல்பேர்ட்டா மாகாணத்தில் வேர்மிலியன் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். அவருடைய விளையாட்டு நெடுந்தூரப் பனிச்சறுக்கு. ரெண்டு காலிலும் நீளமான மெல்லிய பலகை, ரெண்டு கையிலும் கம்பு. கம்பை ஊன்றி ஊன்றிப் பனியில் மேடு ஏறணும், பள்ளம் இறங்கணும், கிலோமீட்டர் கணக்கா ஓடணும். மேடு ஏறும்போது மூச்சு என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நாங்க சொல்லத் தேவையில்லை.

2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அதில் பெக்கி மூன்றாவதாக வந்து வெண்கலப் பதக்கம் பெற்றார். வட அமெரிக்காவிலிருந்து இந்த விளையாட்டில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் பெண் அவர்தான். முன்னால் வந்த இருவரும் ரஷ்ய வீராங்கனைகள். ரத்தத்துக்கு வலு ஏற்றும் தடை செய்யப்பட்ட மருந்தை அவர்கள் எடுத்திருந்தது அதே ஒலிம்பிக்கில் பிறகு நடந்த சோதனையில் தெரிய வந்தது. ஆனாலும் பெக்கி ஓடிய பந்தயத்தின் பதக்கங்கள் உடனே பறிக்கப்படவில்லை.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு கிலோ குறைந்தால் நம்ம மனசு என்ன பாடுபடும்? பெக்கி வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. மருந்து எடுப்பதைத் தடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். கனடாவின் ஒலிம்பிக் குழு விளையாட்டுக்கான மத்தியஸ்த நீதிமன்றம் வரை போனது. முதலில் வெண்கலம் வெள்ளியானது. பிறகு வெள்ளி தங்கமானது. 2004 ஜூன் மாதம் வன்கூவர் நகரில் தங்கப் பதக்கம் அவர் கைக்கு வந்தது. ஓடி முடித்து 28 மாதங்கள் கழித்து!

இனி அடுத்த கதையைக் கேளுங்க. 2006இல் இத்தாலியில், டூரின் ஒலிம்பிக். ரெண்டு பேர் மாறி மாறி ஓடும் பந்தயம். பெக்கிக்கு ஜோடி சாரா ரெனர். நடுவழியில் சாராவின் கம்பு உடைந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் தாண்டிப் போகிறார்கள். அப்போது ஓரத்தில் நின்ற ஒருவர் தன் கையிலிருந்த கம்பைச் சட்டென்று நீட்டினார். அது கொஞ்சம் நீளம் கூடின கம்புதான். ஆனாலும் அதை ஊன்றி ஓடினார் சாரா. கனடாவுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

கம்பு கொடுத்தவர் பியோர்னார் ஹோக்கன்ஸ்மோன். எதிரணியான நோர்வேயின் பயிற்சியாளர்! அவருடைய அணி நான்காவதாக வந்து பதக்கம் இல்லாமல் போனது. கனடா மக்கள் நன்றி சொல்ல ஆயிரக்கணக்கான டின் மேப்பிள் பாணியை அவருக்கு அனுப்பி வைத்தார்கள்.

அந்த ஆண்டோடு பெக்கி பந்தயத்தை விட்டார், வேலையை விடவில்லை. ஸ்பிரிட் நோர்த் என்ற தொண்டு நிறுவனத்தை உருவாக்கினார். அது கனடாவின் பூர்வீகக் குடிகளுடைய பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கும் வேறு விளையாட்டுகளும் கற்றுக் கொடுக்கிறது. அந்த மக்களின் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்து வைத்த கொடுமை நூறு வருசத்துக்கு மேல் அங்கே நடந்தது. 2008இல்தான் கனடா அரசு அதற்காக மன்னிப்புக் கேட்டது. அப்படி அடிபட்ட சமூகங்களின் பிள்ளைகள் இன்று பலகை கட்டிச் சிரித்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

ஊக்கமருந்தைத் தடுக்கும் உலக அமைப்பிலும் பெக்கி பொறுப்பு வகித்தார். 2018இல் ரஷ்யாவின் சோதனை நிறுவனத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சிபாரிசு வந்தபோது, அந்தக் குழுவில் தனக்கிருந்த பதவியை விட்டு விலகினார்.

பெற்றோர்களே, நாங்க எதற்கு இதைச் சொல்கிறோம்? நம்ம பொம்பளைப் பிள்ளைகள் சின்ன வயசில் நல்லா ஓடுறாங்க. பெரிய பிள்ளை ஆனதும் “இனி என்ன விளையாட்டு?” என்று நிப்பாட்டி விடுகிறோம். கம்பு உடைந்த மாதிரி அவங்க நடுவழியில் நிக்கிறாங்க. ஓரத்தில் நிற்பது நாமதான். சாயந்தரம் ஒரு மணி நேரம் வீட்டு வேலையிலிருந்து அந்தப் பிள்ளையை விடுங்க. தம்பியைத் தூக்கிக்கொள்ள அப்பா இருக்கட்டும். நாம் கொடுக்கக் கூடிய கம்பு அதுதான்.

தம்பி தங்கச்சிமாரே, நேர்மையாய் ஓடித் தோத்தது வெட்கமில்லை. உங்களுக்கு அநியாயம் நடந்தால் வாயைத் திறந்து சொல்லுங்க. அடுத்த போட்டிக்கும் வாங்க.