அமுதம் நஞ்சாகும் அளவு



அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நாம் எல்லோரும் அறிந்த பழமொழி. ஆனால் அந்த அளவுதான் எவ்வளவு? பழமொழி அதைச் சொல்லவில்லை. அந்த அளவை நிமிடக் கணக்கிலே வகுத்து வைத்துக்கொண்டு, அதை நம்பியே உயிர் பிழைக்கும் ஒரு கூட்டத்தார் உளர். அவர்கள் ஆழ்கடற் சுழியோடிகள். அவர்கள் கணக்கிட்டு அருந்தும் அமுதமோ, பிராணவாயு.

பிராணவாயு எவ்வாறு நஞ்சாகும் என்று நேயர்கள் ஐயுறலாம். 2021ஆம் ஆண்டிலே, பெருந்தொற்றின் கொடுமையில், ஓர் உருளை பிராணவாயுவுக்காக மக்கள் அலைந்ததை நாம் மறக்கவில்லை. அந்த நம்பிக்கையோடுதான் என் மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “ஐயா, கடலுக்குள் போகிறவர் சுத்தமான பிராணவாயுவையே கொண்டுபோனால் என்ன?” கலைப் பட்டதாரியாகிய எனக்கு அன்று விடை தெரியவில்லை. பின்னர்த் தேடி அறிந்ததையே இன்று கூறுகிறேன்.

முதலில் நம் மலைநாட்டிலிருந்து தொடங்குவோம். காற்றிலே நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. வலப்பனையிலும் அதே பங்கு. மட்டக்களப்புக் கரையிலும் அதே பங்கு. ஆயினும் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே காற்றின் அமுக்கம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே நமக்குக் கிடைக்கும் பிராணவாயுவின் வலிமையும் அந்த அளவுக்குக் குறைகிறது. உடல் உணர்வது வீதத்தை அன்று. வீதத்தை அமுக்கத்தாற் பெருக்கி வரும் தொகையை. இதனைப் பகுதியமுக்கம் என்பர்.

இனிக் கடலுக்குள் இறங்குவோம். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். மட்டக்களப்புக்கு அப்பால் ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்திலே ‘ஹேர்மீஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் அதைத் தாக்கி மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். அக்கப்பலைக் காண இன்று பல நாட்டுச் சுழியோடிகள் வருகின்றனர். அங்கே அமுக்கம் 6.3 மடங்கு. சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே பிராணவாயுவின் பகுதியமுக்கம் 1.3 ஐத் தாண்டும். தூய பிராணவாயுவைச் சுவாசித்தாலோ 6.3! என் மாணவனின் வினாவுக்கு விடை இதுவே: அவன் சொன்ன வழியிற் சென்றவர் திரும்பி வரமாட்டார்.

ஏனெனில், மிகுந்த அமுக்கத்திலுள்ள பிராணவாயு மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும். 1878ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் போல் பேர் இதனை எழுதினார். பிற்காலத்தில் இந்தியாவிலே குடியேறி, 1964இல் புவனேசுவரத்திற் காலமான பேரறிஞர் யே. பி. எஸ். ஹால்டேன், போர்க்காலச் சோதனைகளிலே தம்மையே அமுக்க அறைக்குள் அடைத்துக்கொண்டார். பிராணவாயு வலிப்பினால் முதுகென்பு சிதைந்து நெடுங்காலம் வருந்தினார். அறைக்குள் வலிப்பு வந்தால் வாயுவை மாற்றலாம், மனிதன் பிழைப்பான். நீருக்குள் வந்தாலோ, வாயிற் கவ்விய சுவாசக் குழாய் நழுவிவிடும். அடுத்த மூச்சு கடல்நீர். உதடு துடித்தல், காது இரைதல், குமட்டல் ஆகிய அறிகுறிகள் சிலவேளை முன்வரும். பலவேளை எதுவுமே வருவதில்லை.

ஆகவே கணக்கு வேண்டும். அமெரிக்க தேசிய சமுத்திர, வளிமண்டல நிருவாகம் வகுத்த அட்டவணையொன்றைச் சுழியோடிகள் பின்பற்றுகின்றனர். ஒரு முறை இறங்குகையிலே, பகுதியமுக்கம் 1.2 ஆயின் 210 நிமிடம், 1.4 ஆயின் 150 நிமிடம், 1.6 ஆயின் 45 நிமிடம் மட்டுமே. எண்ணிலே சிறு உயர்வு, காலத்திலே பெருங் குறைவு.

கணக்கோ ஐந்தாந் தரத்துப் பின்னக்கணக்குத்தான். கழித்த நிமிடங்களை அனுமதித்த நிமிடங்களால் வகுத்துக் கூட்டிக்கொண்டே வரவேண்டும். கூட்டுத்தொகை ஒன்றை எட்டலாகாது. காற்றிலுள்ள நைதரசன் ஆழத்திலே மதியை மயக்குவதால், அதிற் பெரும்பங்கை நீக்கி ஈலியத்தைச் சேர்ப்பர். அவ்வாறு 18 வீதப் பிராணவாயு கொண்ட கலவையுடன் ஒருவர் ஹேர்மீசை அடைகிறார் என்று கொள்வோம். பகுதியமுக்கம் 1.13, அட்டவணையில் அடுத்த மேல்வரியாகிய 1.2 ஐ எடுப்போம். அங்கே 21 நிமிடம் நின்றால், 210இல் 21. பத்தில் ஒரு பங்கு.

உடலில் ஊறிய வாயுக்களை வெளியேற்ற, மேலே வரும் வழியில் அவர் தங்கித் தங்கி வரவேண்டும். கடைசியாக 6 மீற்றரிலே தூய பிராணவாயுவைச் சுவாசிக்கிறார். அங்கே அமுக்கம் 1.6, பகுதியமுக்கமும் 1.6. அங்கு 18 நிமிடம் தங்கினால், 45இல் 18. அதாவது பத்தில் நான்கு பங்கு. இரண்டுஞ் சேர்ந்து பாதி வரம்பு முடிந்தது. இடையிலுள்ள தங்கல்களை நான் சேர்க்கவில்லை. மெய்யான கணக்கில் அவையும் ஏறும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இருண்ட ஆழத்திலே செலவானது ஒரு பங்கு; சூரிய ஒளி தெரியும் 6 மீற்றரிலே, ஆபத்து நீங்கியதென்று மனம் ஆறுதல் கொள்ளும் இடத்திலே, செலவானது நான்கு பங்கு. கண்ணுக்கு அச்சமூட்டும் இடம் வேறு. கணக்கிலே அச்சத்துக்குரிய இடம் வேறு. இதனாலன்றோ ஒவ்வோர் உருளையிலும் அதைச் சுவாசிக்கத்தக்க அதிகபட்ச ஆழத்தைப் பெரிய இலக்கங்களில் எழுதி, உருளையை மாற்றும்போது துணைவரும் அதை வாசித்துப் பார்க்கின்றனர்.

அப்படியானால் அட்டவணைக்குள் நின்றவர் அனைவரும் தப்பினரா? இல்லை. போர்க்காலத்திலே பிரித்தானியக் கடற்படைக்காக ஆராய்ந்த கெனத் டொனால்ட், ஒரே சுழியோடியை ஒரே ஆழத்திலே வெவ்வேறு நாட்களிற் சோதித்தார். அம்மனிதருக்கு ஒரு நாள் 7 நிமிடத்தில் அறிகுறி தோன்றியது; இன்னொரு நாள் 148 நிமிடம் தாங்கினார். அதே உடல், அதே வாயு. நாள் மட்டுமே வேறு. ஆகையால் அட்டவணையின் எல்லை மதிற்சுவர் அன்று. அதை நெருங்காமல் நிற்பதே அறிவுடைமை. பயிற்சி பெறாதவர் இந்த உரையை நம்பி நீரில் இறங்கலாகாது என்பதையும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

என் மாணவனுக்கு இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். பார்த்துவிட்டு அவன் கேட்டான்: “பாதி மிச்சம் இருக்கிறதே ஐயா, இன்னுஞ் சிறிது நேரம் கப்பலைப் பார்த்தால் என்ன?” அந்த மிச்சம் பார்ப்பதற்கு உரியதன்று, தம்பி, ஏழாவது நிமிடத்து மனிதனாக நாம் இருக்கக்கூடிய அந்த ஒரு நாளுக்கு உரியது என்றேன்.